கடற்புறா விஷயத்தில் நாம் விடும் பிழைகள்

வாடைக்காற்றோடு கடற்புறாக்கள் மட்டக்களப்புக் கரைக்கு வந்துவிடும். கல்லடியில் கரைவலையின் மடி கரையை நெருங்கும்போது பாருங்கள், தலைக்கு மேலே வெள்ளையாகச் சுற்றும். ஆனால் அங்கே பறக்கும் வெள்ளைப் பறவை எல்லாம் கடற்புறா இல்லை. வால் பிளந்து, ஒல்லியாக இருந்து, தலைகீழாகத் தண்ணீருக்குள் பாய்ந்தால் அது ஆலா. கடற்புறா கொஞ்சம் பருமன்; தாராவைப் போல அலையில் மிதக்கும், மேலே கிடப்பதைக் கொத்தும்.

பெயரைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. நம் நாட்டுக்கு வரும் பழுப்புத்தலைக் கடற்புறாவுக்கு மாரியில் தலை வெள்ளைதான். கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்பொட்டு, சிவந்த அலகு, சிவந்த கால்: இவைதான் அடையாளம். திரும்பிப் போகும் நேரத்தில்தான் தலை பழுப்பாகும்.

பெரிய பிழை, பாண் போடுவது. பிள்ளைகளுக்கு ஆசையாக இருக்கும், சரி. ஆனால் இந்தப் பறவை லடாக், திபெத் பக்கத்து உயர்மலை ஏரிகளில் குஞ்சு பொரிப்பது. பங்குனி, சித்திரையில் அவ்வளவு தூரம் திரும்பிப் பறக்க உடம்பில் கொழுப்புச் சேர வேண்டும். அது மீனிலும் இறாலிலும் கிடைக்கும். பாணும் மிக்சரும் வயிற்றை மட்டுமே நிரப்பும். அதோடு, சோற்றுக்கும் பாணுக்கும் கூடும் காகமும் நாயும் அந்த இடத்தை விட்டுப் போகாது.

அலகு நுனியில் துளி துளியாக நீர் சொட்டினால் தடிமன் என்று பிடித்து வைக்காதீர்கள். கடல்நீர் குடித்த உப்பைக் கண்ணுக்கு மேலுள்ள சுரப்பி பிரித்து மூக்குத்துளை வழியே வெளியேற்றுகிறது.

அப்புறம் கோடையில், கடற்புறா போன பிறகு, சின்ன ஆலா வெறும் மணலிலேயே முட்டையிடும். மணல் நிறம், மேலே கறுப்புப் புள்ளி. மிதித்த பிறகுதான் தெரியும். ஆலா கத்திக்கொண்டு உங்கள் தலைக்கு நேரே பாய்ந்தால், வந்த வழியே திரும்பி நடங்கள். நின்று படம் எடுக்கும் நேரத்தில் முட்டை வெயிலில் வெந்துவிடும்.

தூண்டில் முள்ளு விழுங்கிய பறவை கிடைத்தால் தங்கூசியை, அதாவது தூண்டில் நூலை, இழுக்கவே வேண்டாம். இழுத்தால் தொண்டை கிழியும். துவாயால் தலையை மூடி, இறக்கையை ஒடுக்கிப் பிடித்து, தங்கூசியை ஒரு சாண் விட்டு வெட்டி, மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். அந்த ஒரு சாணைப் பிடித்துத்தான் அவர் முள்ளைத் தேடுவார்.