‘இதனால்தான் உடம்பு போடுகிறது’ என்று சொல்வதற்கு முன்: காரணத்தைச் சோதிப்பது எப்படி?

காலையில் சாப்பிடாமல் விட்டால் உடம்பு போட்டுவிடும் என்று வீட்டிலும் சொல்கிறார்கள், டயட்டீஷியன்களும் சொல்கிறார்கள். ஆதாரம் இல்லாமலும் சொல்லவில்லை. பல நாட்டுக் கணக்கெடுப்புகளில் காலை உணவைத் தவிர்ப்பவர்களிடம் உடற்பருமன் கூடுதலாகவே தெரிந்தது. ஆனால் 2014இல் வந்த ஒரு ஆய்வில், எடை குறைக்க விரும்பிய 309 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரைக் காலையில் சாப்பிடவும் இன்னொரு பகுதியினரைத் தவிர்க்கவும் சொல்லி, 16 வாரம் கழித்து எடை பார்த்தால் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. 2019இல் இதுபோன்ற 13 சோதனைகளைத் திரட்டி, எடை அளந்தவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது, காலையில் சாப்பிட்டவர்கள்தான் சராசரியாக 0.44 கிலோ கூடுதலாக இருந்தார்கள். அந்தச் சோதனைகள் பெரும்பாலும் சில வாரங்களே நடந்தவை, தரமும் சுமார்தான், அதனால் ‘சாப்பிடாதீர்கள், இளைப்பீர்கள்’ என்று அப்படியே திருப்பிப் போடவும் கூடாது.

கணக்கெடுப்பு ஏன் வேறு மாதிரி காட்டியது? அங்கே காலை உணவைத் தவிர்ப்பது என்று முடிவு செய்தது அந்தந்த ஆள்தான். இரவு ஷிஃப்ட் வேலை பார்ப்பவர், தூக்கம் குறைந்தவர், புகைப்பவர், ஏற்கெனவே எடை ஏறிவிட்டதே என்று பயந்து ஒரு வேளையை வெட்டியவர் எல்லாரும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். கடைசியாகச் சொன்னவரைக் கவனியுங்கள், அவர் விஷயத்தில் எடைதான் காரணம், உணவைத் தவிர்த்தது விளைவு.

ஆகவே உடற்பருமன் ஆய்வு எதைப் படித்தாலும், நீங்களே ஒன்று செய்யத் திட்டமிட்டாலும், முதலில் கேட்க வேண்டியது இதுதான்: யாருக்கு எது கிடைக்கும் என்பதை யார் தீர்மானித்தார்கள்? ஆளே தீர்மானித்தாரா, ஆய்வாளரின் குலுக்கலா, அரசாங்கமா, பிறப்பிலேயே வந்த மரபணுவா? எந்த முறை எவ்வளவு நம்பத்தக்கது என்பதெல்லாம் இந்தப் பதிலைப் பொறுத்துத்தான்.

அதற்கும் முன்னால் ஒரு சின்ன வேலை. கேள்வியைச் செய்து பார்க்கக்கூடிய ஒரு வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். ‘சர்க்கரை பானம் உடற்பருமனுக்குக் காரணமா’ என்பது போதாது. எந்த வயதுப் பிள்ளைகள், ஒரு நாளைக்கு எத்தனை மில்லி, அதற்குப் பதிலாக எதைக் குடிப்பார்கள், எத்தனை மாதம், கடைசியில் எதை அளப்போம்? ‘அதற்குப் பதிலாக’ என்ற பகுதியைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பானத்தை நிறுத்திய பிள்ளை தண்ணீர் குடித்தால் ஒரு விடை வரும், ஒரு டம்ளர் பால் குடித்தால் வேறு விடை வரும்.

நெதர்லாந்தில் நடந்து 2012இல் வெளியான ஒரு சோதனை இதை அழகாகச் செய்தது. வழக்கமாகவே சர்க்கரை பானம் குடிக்கும் 641 பிள்ளைகளை எடுத்து, பாதிப் பேருக்கு 104 கலோரி உள்ள 250 மில்லி பானம், மீதிப் பேருக்கு அதே சுவையில் சர்க்கரை இல்லாத பானம் என்று தினமும் 18 மாதம் கொடுத்தார்கள். எது எந்த டப்பா என்று பிள்ளைகளுக்கும் தெரியாது, ஆய்வாளர்களுக்கும் தெரியாது. வளரும் வயது என்பதால் எடை எல்லாருக்கும் ஏறத்தான் செய்யும். சர்க்கரை குடித்தவர்களுக்கு 7.37 கிலோ ஏறியது, குடிக்காதவர்களுக்கு 6.35 கிலோ. ஏற்கெனவே குடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை மட்டுமே சேர்த்ததால், யாருக்கும் புதிதாகச் சர்க்கரை பழக்கிவிட்ட பாவமும் இல்லை. ஆனாலும் சுமார் கால்வாசிப் பேர் இடையிலேயே குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். குலுக்கல் சோதனை என்றதும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாமல், எத்தனை பேர் விலகினார்கள், இரண்டு குழுவிலும் சம அளவில் விலகினார்களா, கணக்குப் போடும்போது அவர்களையும் சேர்த்தார்களா என்று கட்டாயம் பாருங்கள். குலுக்கல் கொடுத்த சமநிலையைக் கலைப்பது இந்த விலகல்தான்.

ஆட்களை ஒரே இடத்தில் தங்கவைத்துச் செய்யும் சோதனை இன்னும் இறுக்கமானது. அமெரிக்காவில் பெதெஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை நான்கு வாரம் தங்கவைத்து, இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு என்று மாற்றிமாற்றிக் கொடுத்தார்கள். தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு தந்த நாட்களில் தினமும் 500 கலோரி அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். எதை எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பது அங்கே துல்லியமாகத் தெரியும். ஆனால் 20 பேர், இரண்டு வாரம், அதை வைத்துப் பத்து வருடத்தில் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.

சரி, குலுக்கிப் போடவே முடியாத விஷயங்களுக்கு என்ன செய்வது? தாய்ப்பால் கொடுக்காதே என்று எந்தத் தாயிடமும் சொல்ல முடியாது. பெலாரஸில் 1996இல் தொடங்கிய ஆய்வு கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. அவர்கள் குலுக்கியது தாய்ப்பாலை அன்று, தாய்ப்பாலுக்கான ஊக்கத்தை. 31 மருத்துவமனைகளைப் பிரித்து, ஒரு பகுதியில் செவிலியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் பயிற்சி கொடுத்துத் தாய்மாருக்குக் கூடுதல் ஆதரவு தந்தார்கள், மற்ற இடங்களில் வழக்கமான கவனிப்பு. மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தவர்கள் ஒரு பக்கம் 43 சதவீதம், மறுபக்கம் 6 சதவீதம். 17,000க்கும் மேற்பட்ட குழந்தைகள். குடல் தொற்று குறைந்தது, அது பெரிய நன்மை. ஆனால் ஆறரை வயதிலும் பதினொன்றரை வயதிலும் பார்த்தபோது உடற்பருமன் குறையவில்லை. அதுவரை வந்த கணக்கெடுப்புகள் பலவும் குறையும் என்றே சொல்லியிருந்தன, ஏனென்றால் பல நாடுகளில் தாய்ப்பால் நீண்ட நாள் கொடுக்கும் வீடுகள் படிப்பிலும் வருமானத்திலும் பழக்கவழக்கத்திலும் வேறுபட்டவை.

சில சமயம் குலுக்கலை அரசாங்கமே நடத்திவிடும். அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை ஐந்து நகரங்களில், ஏழ்மையான குடியிருப்புகளில் வாழ்ந்த குடும்பங்களுக்கு வேறு பகுதிக்குக் குடிபோக வாடகை உதவிச் சீட்டைக் குலுக்கல் மூலம் கொடுத்தார்கள். பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து, சீட்டு கிடைத்த பெண்களிடம் தீவிர உடற்பருமனும் நீரிழிவும் குறைவாக இருந்தன. இந்த மாதிரி வாய்ப்பு எங்கே கிடைக்கும் என்று அரசாணைகளிலும் திட்ட விதிகளிலும் தேடும் பழக்கம் ஆய்வாளருக்கு வேண்டும்.

மரபணு முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எந்த மரபணு வடிவம் கிடைக்கும் என்பது கருவிலேயே குலுக்கல் போலத் தீர்மானமாகிறது, பிறகு நம் வருமானமோ பழக்கமோ அதை மாற்றாது. உடல் பருமனானவர்களுக்கு வைட்டமின் டி குறைவாக இருக்கிறதே, எது எதனால் என்ற கேள்விக்கு 2013இல் 40,000க்கும் மேற்பட்டோரின் மரபணுவை வைத்துப் பார்த்தார்கள். பி.எம்.ஐ.யை, அதாவது உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் எண்ணை, உயர்த்தும் மரபணுக்கள் வைட்டமின் டியையும் குறைத்தன. வைட்டமின் டியைக் குறைக்கும் மரபணுக்களோ பி.எம்.ஐ.யை உயர்த்தியதற்குச் சான்று இல்லை. ஒரு மரபணு வேறு வழியிலும் அதே விளைவைத் தந்தால் இந்தக் கணக்கு தப்பிவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

உங்கள் கையில் கணக்கெடுப்புத் தரவு மட்டும்தான் இருக்கிறதா? அப்படியானால் விளைவே இருக்கக் கூடாத ஒன்றை அதே கணக்கில் போட்டுப் பாருங்கள். நண்பர் ஒருவர் உடற்பருமன் அடைந்தால் நமக்கும் அந்த வாய்ப்பு 57 சதவீதம் கூடுகிறது என்று 2007இல் ஒரு புகழ்பெற்ற ஆய்வு சொன்னது. அடுத்த வருடமே வேறு இருவர் அதேபோன்ற கணக்கைப் பதின்வயதினர் தரவில் ஓட்டினார்கள். பார்த்தால் முகப்பருவும் தலைவலியும் உயரமும்கூட நண்பரிடமிருந்து ‘பரவியது’! உயரம் எப்படித் தொற்றும்? ஒரே சூழலில் வாழ்வதைக் கணக்கில் எடுத்ததும் அந்தப் பரவல் மறைந்தது.

அளப்பதிலும் கவனம் வேண்டும். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதினால் உண்மையைவிடக் குறைந்த கலோரிதான் தாளில் வரும், சிலரிடம் ஏறக்குறைய பாதிதான். இது மிகை இல்லை, எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டும் இளைக்கவில்லை என்று சொன்னவர்களை 1992இல் சோதித்தபோது அவர்கள் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொன்னது தெரிந்தது. முடிந்தால் எடையையும் இடுப்புச் சுற்றளவையும் நீங்களே அளந்துவிடுங்கள்.

கல்லூரி புராஜெக்ட் செய்கிறவர்களுக்கு ஒன்று. எடை அதிகமான பிள்ளைகளை மட்டும் பொறுக்கி, ஆறு மாதம் உடற்பயிற்சி கொடுத்து, முன்னும் பின்னும் பி.எம்.ஐ. அளந்தால் பயிற்சி எதுவும் இல்லாவிட்டாலும் சராசரி கொஞ்சம் இறங்கியது போலத் தெரியலாம், ஏனென்றால் உச்சத்தில் இருக்கும்போது பிடித்தவர்களை மறுபடி அளந்தால் நடுப்பக்கம் நகர்வது இயல்பு. அதே அளவு எடையுள்ள ஒப்பீட்டுக் குழு கட்டாயம் வேண்டும். அதற்காக ஒரு பள்ளிக்கு எதிராக இன்னொரு பள்ளி என்று வைத்துவிடாதீர்கள். வித்தியாசம் வந்தால் அது பயிற்சியால் வந்ததா, அந்தப் பள்ளியின் கேன்டீனால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. பல பள்ளிகள் கிடைத்தால் பள்ளிகளைக் குலுக்குங்கள், பள்ளிவாரியாகவே கணக்குப் போடுங்கள். ஒரே பள்ளிதான் என்றால் பிள்ளைகளைக் குலுக்கி, பாதிப் பேருக்கு இந்தப் பருவத்திலும் மீதிப் பேருக்கு அடுத்த பருவத்திலும் பயிற்சி கொடுங்கள். யாருக்கும் பயிற்சி கிடைக்காமல் போகாது, தலைமையாசிரியரும் சம்மதிப்பார்.