பழைய லேஸ், குரோஷே துணி அறுந்து போச்சா? ஆரம்பத்துலேர்ந்து இப்படி சரி பண்ணுங்க

பழைய குரோஷே (கொக்கி ஊசியால பின்னுறது) மேஜை விரிப்பு, லேஸ் காலர், தலையணை உறையோட ஓரப் பின்னல் இப்படி ஏதாவது ஒண்ணு பெட்டியடியிலேர்ந்து கிடைச்சா நிறைய பேர் முதல்ல பண்றது நேரா வாஷிங் மெஷின்ல போடுறது, அடுத்து பண்றது கைக்கு கிடைச்ச தையல் நூலை எடுத்து ஓட்டைய இழுத்துக் கட்டுறது. ரெண்டுமே வேண்டாம். ஊசி எடுக்குறது இதுல கிட்டத்தட்ட கடைசி வேலை. அதுக்கு முன்னாடி பாக்கணும், பிரியுற கண்ணிய பிடிச்சு வெக்கணும், அலசணும், காய வெக்கணும், இந்த வரிசைய மாத்தினீங்கன்னா சின்ன ஓட்டை பெரிய ஓட்டையா ஆகிடும்.

இன்னொண்ணும் இப்பவே சொல்லிடறேன், ஏன்னா கீழ நிறைய விஷயம் இதுலேர்ந்துதான் வருது. நீங்க போடுற புது நூல் பழைய நூலைவிட வலுவா இருக்கவே கூடாது. எங்கயாவது இழுபட்டு ஏதாவது ஒண்ணு அறுந்துதான் ஆகணும்னா அது உங்க நூலா இருக்கட்டும், மறுபடி போட்டுக்கலாம். கெட்டியான பாலியஸ்டர் நூலைப் போட்டா அது அசையாம நிக்கும், சுத்தி இருக்குற பழைய இழைதான் அறுபடும்.

முதல் வேலை: என்ன துணின்னு பாக்குறது

கருப்பு இல்லன்னா கருநீலத் துணி மேல விரிச்சு முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் போட்டோ எடுங்க. சேதமாகாத ஒரு பூவையும் கிட்ட வெச்சு எடுங்க, அப்புறமா எத்தனை சங்கிலி, எத்தனை கம்பம் (நட்டுக்குத்தா நிக்கிற உயரமான கண்ணி) இருக்குன்னு எண்ண அதுதான் உதவும்.

குரோஷேன்னா சங்கிலி சங்கிலியா கண்ணி தெரியும், ஒரே நூல் தொடர்ந்து ஓடுறதால ஒரு இடத்துல அறுந்தா பக்கத்துக் கண்ணியும் நழுவும். டாட்டிங் லேஸ் முழுக்க முடிச்சு, அறுந்தாலும் சட்டுனு பிரியாது, பயப்பட வேண்டாம். பாபின் லேஸ்ல ஏகப்பட்ட நூல் ஒண்ணோட ஒண்ணு குறுக்கும் நெடுக்குமா முறுக்கிப் போகும். அப்புறம் மெஷின் லேஸ், இத கைவேலைன்னு நினைச்சு ஏமாறாதவங்க கம்மி. லேஸ் பின்னுற லீவர்ஸ் மெஷின் 1813லயே வந்தாச்சு, அதனால பழசா இருக்குங்கறதுக்காக கையில பின்னினதுன்னு சொல்லிட முடியாது. லென்ஸ் வெச்சுப் பாத்தா மெஷின் லேஸ்ல பல இடத்துல வெட்டின நூல் நுனி பிசிறா நீட்டிக்கிட்டு இருக்கும்.

அடுத்து நூல் எதுன்னு தெரியணும். ஏற்கனவே அறுந்து தொங்குற நுனியிலேர்ந்து துளியூண்டு எடுத்து, இடுக்கியில பிடிச்சு, பீங்கான் தட்டுக்கு மேல வெச்சு கொளுத்திப் பாருங்க. காகிதம் எரியுற வாசனையும் சாம்பலும் வந்தா பருத்தி இல்லன்னா லினன், முடி கருகுற நாத்தம் வந்தா பட்டு இல்லன்னா கம்பளி, உருகி கெட்டி உருண்டையா ஆனா செயற்கை நூல். தொட்டாலே பொலபொலன்னு கீறி உதிர்ற பட்டா இருந்தா அங்கேயே நிறுத்திடுங்க. 19ஆம் நூற்றாண்டு கடைசியில பட்டு கனமா தெரியணும்னு தகர உப்பெல்லாம் ஏத்தினாங்க, அந்தப் பட்டு உள்ளுக்குள்ளேயே இத்துப் போகும், ஊசி குத்தினா குத்துற இடமெல்லாம் புதுசா கீறும். தட்டையா வெச்சு மூடி வெக்கிறதுதான் அதுக்கு மரியாதை.

ரெண்டாவது: பிரியுற கண்ணிய பிடிச்சு வெக்கிறது

இத விட்டுட்டு நேரா அலசப் போறவங்கதான் அதிகம். குரோஷேல அறுந்த இடத்த சுத்தி வாயத் திறந்துக்கிட்டு நிக்கிற ஒவ்வொரு கண்ணிக்குள்ளயும் வேற கலர் மெல்லிசு நூலை ஓட்டி தளர்வா கட்டி விடுங்க. துருப் பிடிக்காத சின்ன சேஃப்டி பின்னும் போடலாம், ஆனா நூல் இருந்தா அதுவே நல்லது. தொங்குற நுனி எதையும் வெட்டாதீங்க, பிசிறா அசிங்கமா இருந்தாலும் சரி, பின்னாடி அதையே ஊசியில கோத்து உள்ள தள்ளப் போறீங்க. லேஸா இருந்தா கிழிஞ்ச இடத்துக்கு மேலயும் கீழயும் மெல்லிய வலைத்துணி வெச்சு பெரிய பெரிய ஓட்டுத்தையல் போட்டா போதும்.

மூணாவது: அலசல்

தரையில வெக்கிற மாதிரி தட்டையான அகல தொட்டி, அதுக்குள்ள ஒரு வலைத்துணி, அது மேல லேஸ். தண்ணியிலேர்ந்து எடுக்கும்போது வலைய தூக்குங்க, லேஸ தூக்காதீங்க, ஏன்னா ஈரத்தோட கனம் மொத்தமும் நாலு இழை மேல இறங்கும். பருத்தி ஈரத்துல கொஞ்சம் வலு கூடுற நூல், பட்டும் ரேயானும் ஈரத்துல பலம் குறையுற நூல், அதுக்கு ஏத்த மாதிரி பயப்படுங்க.

முதல்ல வெறும் தண்ணி மட்டும். ஒரு மணி நேரத்துல தண்ணி மஞ்சளா மாறும், கொட்டிட்டு புதுத் தண்ணி, மறுபடி கொட்டிட்டு புதுத் தண்ணி, நிறம் வர்றது நிக்கிற வரைக்கும். அந்த மஞ்சள்ல பாதிக்கு மேல வெறும் தண்ணிக்கே போயிடும்னு பாத்தாதான் நம்புவீங்க. அதுக்கப்புறம் காரம் இல்லாத மென்மையான சோப் கொஞ்சம், தேய்க்காம கையால மெதுவா அழுத்தி அழுத்தி விடுங்க, பிழியவே கூடாது. கடைசி அலசலுக்கு டிஸ்டில்டு வாட்டர் கிடைச்சா நல்லது, குழாய்த் தண்ணியில இரும்பு இருந்தா பின்னாடி பழுப்புப் புள்ளியா வரும்.

அப்பவும் வெள்ளை வரலைன்னா, பருத்தியும் லினனும் மட்டும், ஆக்சிஜன் ப்ளீச், அதாவது சோடியம் பெர்கார்பனேட் பவுடர, வெதுவெதுப்பான தண்ணியில நல்லா கரைச்சிட்டு ஊற வெக்கலாம். பட்டுக்கும் கம்பளிக்கும் இது கூடாது. குளோரின் ப்ளீச் எதுக்குமே கூடாது, பட்டையும் கம்பளியையும் அது கரைச்சே விட்டுடும், பருத்திய இத்துப் போக வெக்கும், துருக்கறை இருந்தா அத இன்னும் மோசமாக்கும். துருக்கறை இருக்குற இடத்துல நூல் ஏற்கனவே பலவீனமாதான் இருக்கும், சின்னப் புள்ளின்னா அப்படியே விட்டுடுங்கன்னுதான் சொல்லுவேன். பளிச்சுனு புதுசு மாதிரி வரணும்னு அடம் பிடிச்சா துணி மிஞ்சாது, லேசான க்ரீம் கலர் நல்லாத்தான் இருக்கு.

காய வெக்க டவல் மேல விரிச்சு, நிழல்ல, ஒவ்வொரு வளைவையும் பழைய வடிவத்துக்கு விரலால தட்டி எடுத்து, துருப் பிடிக்காத குண்டூசி குத்துங்க. நூலைக் குத்தாம ஓட்டை வழியா குத்தணும். நல்லா காஞ்சப்புறம்தான் ரிப்பேர், ஏன்னா அப்பதான் சரியான அளவும் தெரியும், உண்மையான நிறமும் தெரியும்.

நாலாவது: ரிப்பேர்

குரோஷே பருத்தி நூல்ல நம்பர் ஏற ஏற நூல் மெலிசாகும், 10 தடிமன், 40 மெலிசு, 80ம் 100ம் தலைமுடி கணக்கா இருக்கும். பழைய நூல் பக்கத்துல வெச்சுப் பாத்து அதே அளவு, இல்லன்னா ஒரு படி மெலிசு எடுங்க. நிறத்துக்கு எக்ரூ (வெளுக்காத நூலோட லேசான பழுப்பு), க்ரீம், ஐவரின்னு ரெண்டு மூணு வாங்கி பகல் வெளிச்சத்துல பாருங்க. டீயில முக்கி நிறம் ஏத்துறது எல்லாரும் சொல்ற ஐடியாதான், எனக்குப் பிடிக்காது, டீல இருக்குற டானின் நாளடைவுல நூலுக்கு நல்லதில்ல. ஊசி மழுங்கல் முனையா இருக்கணும், கூர் ஊசி பழைய இழையப் பிளந்துடும்.

சங்கிலி மட்டும் அறுந்திருந்தா இதுதான் வழி. சேதம் ஆரம்பிக்கிறதுக்கு ஏழெட்டு கண்ணி முன்னாடியே புது நூலை ஊசியால பழைய நூல் போற பாதையிலேயே ஓட்டிக்கிட்டு வாங்க, ஒரு விரல் நீளம் வால் விடுங்க, முடிச்சு போடாதீங்க. கடைசியா உயிரோட இருக்குற கண்ணி வரைக்கும் வந்ததும் ஊசிய கழட்டிட்டு மெல்லிய ஸ்டீல் குரோஷே ஊசியால அதுக்குள்ளேர்ந்து நூலை இழுத்து, நல்லா இருக்குற பூவுல எண்ணின அதே எண்ணிக்கைக்கு சங்கிலி போடுங்க. அந்தப் பக்கம் போய் சேர்ந்ததும் மறுபடி தையல் ஊசி, காத்துக்கிட்டு இருக்குற கண்ணிக்குள்ள நுழைச்சு, அங்கயும் ஏழெட்டு கண்ணி பழைய பாதையில ஓட்டி, திரும்பி எதிர்த்திசையில கொஞ்சம் ஓட்டி முடிங்க. பிடிச்சு வெச்ச கலர் நூலை அப்பதான் உருவணும், முன்னாடியே இல்ல.

பூவோட நடு வளையம் போயிருந்தா கஷ்டமா தெரியும், ஆனா ஈஸி. முதல் சுத்துக் கண்ணிகளோட அடி எல்லாத்தையும் ஒரே நூல்ல கோத்து ரெண்டு சுத்து ஓட்டிட்டு பழைய அளவுக்கு மெதுவா இழுங்க. ரொம்ப இழுத்தா நடுவுல குமிழும். ஓரச் சுத்து முழுசா பிஞ்சிருந்தா, கடைசி வரிசைய உருவி எடுத்துட்டு புதுசா ஒரு வரிசை போட்டுடுறது ஒட்டுப் போடுறத விட சுத்தமா இருக்கும், குரோஷே முடிச்ச பக்கத்துலேர்ந்து உருவினா சுலபமா வரும்.

ஐரிஷ் குரோஷே, 1840கள்ல அயர்லாந்து பஞ்சத்தப்போ குடும்பங்களுக்கு சோறு போட்ட பின்னல், அதுல பூவும் இலையும் தனித்தனியா போட்டு நடுவுல வலையால சேர்த்திருப்பாங்க. அதனால காணாமப் போன பூவை தனியா பின்னி, கருநீலத் துணி மேல மொத்தத்தையும் தளர்வா தைச்சு நிறுத்திட்டு, அப்புறம் வலைய சங்கிலியால நிரப்புங்க.

லேஸ்ல ரெண்டு பூவை இணைக்கிற பாலம் அறுந்திருந்தா குறுக்க ரெண்டு மூணு இழை போட்டு அது மேல காஜா தையல் நெருக்கமா போட்டுட்டா போச்சு. பாபின் லேஸ்ல பெரிய ஓட்டைய நிரப்பப் பாக்காதீங்க. பின்னாடி மெல்லிய பருத்தி வலைத்துணி, சேதத்த விட கொஞ்சம் பெருசா வெட்டி வெச்சு, தளர்வான சின்னத் தையலால பிடிச்சு விடுங்க. பசை, அயர்ன் பண்ணி ஒட்டுற துணி, இதெல்லாம் கிட்டயே வரக் கூடாது, திருப்பி எடுக்கவே முடியாது.

எடுத்து வெக்கும்போது

கஞ்சி போட்டு வெக்காதீங்க, ராமபாணப் பூச்சி அதுக்குத்தான் வரும், விசேஷத்துக்கு விரிக்கும்போது போட்டு, அலசிட்டு வைங்க. மரப்பெட்டியோ அட்டைப்பெட்டியோ நேரா துணியத் தொட்டா அதுலேர்ந்து வர்ற அமிலம் மறுபடி மஞ்சளாக்கும், நடுவுல அமிலம் இல்லாத டிஷ்யூ பேப்பர் வேணும். நீளமான லேஸ டிஷ்யூ சுத்தின குழல்ல சுருட்டலாம். பெரிய விரிப்ப மடிக்கத்தான் வேணும்னா மடிப்புக்குள்ள டிஷ்யூவ உருட்டி வெச்சு, அப்பப்ப பிரிச்சு வேற இடத்துல மடிங்க, ஒரே கோட்டுல மடிஞ்சே கிடந்தா அங்கதான் அடுத்து அறுபடும்.