கருநீல மேலங்கியில் பூத்த வெண்மை

வாட்டர்லூ போருக்காக (1815) நான் தீட்டிய 28 மி.மீ. பிரெஞ்சுக் காலாட்படைப் பொம்மைகளில், மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்பிரே காய்ந்ததும் சாம்பல் பூத்துவிட்டது. கருநீல மேலங்கியில் அது அப்பட்டமாகத் தெரிந்தது. வயிறு எரிந்தது!

வண்ணத்தைச் சுரண்டிவிடாதீர்கள், அடியில் அது பத்திரமாகவே இருக்கிறது. மழைக்கால ஈரம் படலத்தில் சிக்கி ஒளியைச் சிதறடிக்கிறது, அவ்வளவுதான். பளபளப்பான அக்ரிலிக் வார்னிஷை மெல்லிய தூரிகையால் ஒரு பூச்சு பூசினேன். தோட்டாப்பை வார் மார்பில் குறுக்கே ஓடும் இடுக்கிலும், பித்தளைப் பொத்தான்களைச் சுற்றியும் தூரிகை நுனியை அழுத்தி இறக்கினேன். கண்ணெதிரே நீலம் திரும்பியது.

மறுநாள், ஸ்பிரேயைத் தொடாமல், தூரிகையாலேயே மேட் வார்னிஷ் பூசினேன். துப்பாக்கி முனை ஈட்டிகளை மட்டும் விட்டுவிட்டேன். எஃகு மின்னத்தான் வேண்டும்.