சிப்பாயின் கடிதம் சொல்லும் சோல் தட்டுகள்: பெங்களூரில் தேடி, கழுவி, ஓட்டும் முறை

அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையில், 1966-ல் டயல் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் லேபிளில் ஜோ டெக்ஸ் பாடிய ‘ஐ பிலீவ் ஐயம் கோனா மேக் இட்’, வியட்நாம் களத்திலிருந்து ஒருவன் வீட்டுக்கு எழுதும் கடிதம். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் முகாம் இருக்கும் பெங்களூர் அல்சூரில், பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தக் கடிதத்தின் குரல் அந்நியமாக இருக்காது. இந்த வகைத் தட்டுகள் பலவற்றில் பாட்டுக்கு முன் பேச்சோ முரசோ வரும். தட்டில் முதலில் தேய்வதும் அந்த இடம்தான். அதனால் வாங்குவதில் தொடங்கி ஓட்டுவது வரை, முதல் பத்து விநாடியைக் காப்பாற்றுவதே நம் வேலை.

முதலில் எது அரிது என்று தெரிந்துகொள்ளுங்கள். எட்வின் ஸ்டாரின் ‘வார்’ (கோர்டி, 1970), ஃப்ரீடா பெய்னின் ‘பிரிங் தி பாய்ஸ் ஹோம்’ (இன்விக்டஸ், 1971) இரண்டும் ஏராளமாக அச்சானவை. அதிக விலை தர வேண்டாம். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் கடிதத்தைப் பாட்டாக்கிய ‘க்ரீட்டிங்ஸ்’, 1966-ல் வி.ஐ.பி. லேபிளில் மானிட்டர்ஸ் பாடியது எனப் பலருக்குத் தெரியும். அதற்கு முன்பே 1961-ல் மிராக்கிள் லேபிளில் வலாடியர்ஸ் அதைப் பாடிவிட்டார்கள். தேட வேண்டியது அந்த முந்தைய தட்டு.

ஞாயிறு காலை சிக்பேட் சண்டே பஜாரில் பெரும்பாலும் எல்.பி.களும் (பெரிய தட்டு) பழைய இந்திய ஈ.பி.களும்தான் (சிறிய தட்டு) கிடைக்கும். அமெரிக்க 7 அங்குலத் தட்டு தபாலில்தான் வரும். விற்பவரிடம் ‘வி.ஜி. பிளஸ்’ (மிக நல்ல நிலைக்கும் சற்று மேல்) என்ற தரக்குறியோடு திருப்தி அடையாதீர்கள். தொடக்கத்திலிருந்து 20 விநாடி ஓட்டிப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். வானொலிக்காரர்கள் முள்ளை ஆரம்பத்தில் வைத்துத் தட்டை முன்னும் பின்னும் ஆட்டி இடம் பிடிப்பார்கள். அப்படித் தேய்ந்த தட்டில் முதல் பேச்சின் மேல் ‘உஸ்ஸ்’ என்ற இரைச்சல் ஏறியிருக்கும். எதைக் கொண்டு கழுவினாலும் அது போகாது.

தட்டு கைக்கு வந்ததும் வினைலா, எளிதில் விரிசல் விடும் ஸ்டைரீன் பிளாஸ்டிக்கா என்று பாருங்கள். விளிம்பை நகத்தால் மெதுவாகத் தட்டினால் வினைல் மந்தமாக ஒலிக்கும். ஸ்டைரீன் மெல்லிய பிளாஸ்டிக் மூடிபோல ‘டிக்’ என்னும். தட்டின் நடுவிலுள்ள பெயர்த்தாள் (லேபிள்) மேலே ஒட்டிய காகிதமாக, ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தால் அநேகமாக ஸ்டைரீன். பாட்டு முடிந்தபின் வரும் வெற்றுப் பட்டையில் முக்கோணக் குறியும் எண்ணும் கீறியிருந்தால் லாஸ் ஏஞ்சல்ஸ் மோனார்க் ஆலையில் அடித்தது; அதில் ஸ்டைரீன் நிறைய.

இந்திய ஈ.பி.களில் பெரும்பாலும் சிறு துளைதான். அமெரிக்கத் தட்டின் நடுத்துளை 38 மி.மீ. துளைக்குள் அழுத்திச் செருகும் பிளாஸ்டிக் சிலந்தி வளையத்தை ஸ்டைரீனில் போடவே போடாதீர்கள். துளையிலிருந்து விரிசல் ஓடும். பீன்யாவில் ஏதாவது லேத் பட்டறையில் அலுமினிய வில்லை கடைந்து வாங்கலாம்: வெளிவிட்டம் 38 மி.மீ., நடுவில் 7.2 மி.மீ. துளை. சுழல்மேடையில் முதலில் வில்லை, அதன்மேல் தட்டு. இறுக்கம் தெரிந்தால் தட்டை அழுத்தாமல், வில்லையை உப்புத்தாளில் தேயுங்கள்.

கழுவப் போர்வெல் தண்ணீர் ஆகாது. காய்ந்ததும் சுண்ணாம்புப் பொடி பள்ளத்தில் தங்கிவிடும். 1 லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் வாசனையில்லாத பாத்திரம் கழுவும் திரவம் 3 சொட்டு போதும். மென்மையான பிரஷ்ஷால் பள்ளத்தின் போக்கிலேயே தேய்த்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு முறை அலசுங்கள். லேபிள் நனையக்கூடாது. ஸ்டைரீனுக்கு ஆல்கஹால் வேண்டாம். மழைக்காலத்தில் ஈரத்தோடு உறையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகே உறை.

ஸ்டைரீனுக்கு உருண்டை முனை முள் நல்லது. முள் தட்டில் அழுத்தும் எடை, கார்ட்ரிட்ஜ் (முள் பொருந்திய சிறு பெட்டி) நிறுவனம் சொன்ன வரம்புக்குள் இருக்கட்டும். ‘கனமாக வைத்தால் இரைச்சல் குறையும்’ என்பதை நம்பாதீர்கள். தேய்ந்த முள் ஒரே ஓட்டத்தில் தட்டைக் கெடுத்துவிடும்.

அமெரிக்காவிலிருந்து வந்த பழைய ப்ளேயர் என்றால் ஒரு பொறி உண்டு. டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை 120 ஆக்கும், 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. மின் அலைவெண்ணைப் பின்பற்றும் மோட்டாரில் நிமிடத்துக்கு 45 சுற்று 37.5 ஆகிவிடும், இளைஞனின் குரல் கிழவனுடையதாகக் கேட்கும். மோட்டார் அச்சுக்கு 50 ஹெர்ட்ஸ் புல்லி தேடுங்கள், இல்லையென்றால் பழையதைப்போல் 1.2 மடங்கு விட்டத்தில் புதிது கடைந்து பாருங்கள்.

கணினியில் பதிவு செய்ய ஆடாசிட்டி மென்பொருளில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்; உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். மோனோ (ஒரே ஒலித்தடம் கொண்ட) தட்டானால், பதிவில் வரும் இரு தடத்தையும் ஒன்றாகக் கலந்தால் இரைச்சலில் ஒரு பங்கு அடங்கும். இரைச்சல் நீக்கியைப் பிரதியில் மட்டும் போடுங்கள். அசல் பதிவைத் தொடாதீர்கள். அந்த நீக்கி இரைச்சலோடு சேர்த்து, கடிதம் வாசிப்பவன் வரிக்கு வரி இழுக்கும் மூச்சையும் தின்றுவிடும்.