சூப்பர்சார்ஜர் டிரக்கின் எரிபொருள் அமைப்பு: இன்ஜினைக் காவு வாங்கும் தவறுகள்

1999 முதல் 2004 வரை ஃபோர்டு விற்ற எஃப்-150 லைட்னிங், அமெரிக்க பிக்கப் ரசிகர்கள் இன்றும் தேடி வாங்கும் வண்டி. 5.4 லிட்டர் வி8 இன்ஜின், அதன் மேல் காற்றை உள்ளே திணிக்கும் ஈட்டன் எம்112 சூப்பர்சார்ஜர், சுமார் 8 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) பூஸ்ட், அதாவது சூப்பர்சார்ஜர் திணிக்கும் கூடுதல் காற்றழுத்தம். தொடக்கத்தில் 360 குதிரைத்திறன், 2001-இல் இருந்து 380. வாங்கியவர்களில் நிறையப் பேர் கை வைத்த முதல் இடம் சூப்பர்சார்ஜர் புல்லி. அதைக் கழற்றிச் சின்ன புல்லி மாட்டினால் சூப்பர்சார்ஜர் வேகமாகச் சுழலும், காற்று கூடுதலாக உள்ளே போகும், பவர் ஏறும். செலவும் குறைவு. ஆனால் அந்தக் கூடுதல் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் எங்கிருந்து வரும் என்பதைப் புல்லி வாங்கும்போதே கேட்க வேண்டும். பலர் பிஸ்டன் உடைந்த பிறகுதான் கேட்கிறார்கள்.

சூப்பர்சார்ஜர் இல்லாத இன்ஜினுக்குப் பெட்ரோல் கொஞ்சம் குறைந்தால் பெரும்பாலும் இழுவை குறையும், திணறும், அவ்வளவுதான். பூஸ்டில் ஓடும் இன்ஜின் அப்படி அவகாசம் தராது. கலவை மெலிந்ததும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல் போனதும், எரியறையில் வெப்பம் ஏறும். ஸ்பார்க் பற்றவைத்த தீ பரவி முடிப்பதற்குள் ஓரத்தில் மிஞ்சிய கலவை தானாக வெடிக்கும். அதுதான் நாக்கிங். முழு பூஸ்டில் சில நொடிகள் நாக்கிங் இருந்தாலே பிஸ்டன் ரிங்குகளுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய வரம்பு உடைந்துவிடக்கூடும். அதனால்தான் முழு த்ராட்டிலில் காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதத்தை 14.7-இல் வைக்காமல் 11.5, 11.8 என்று இறக்கி வைக்கிறார்கள். கூடுதலாகப் போகும் அந்தப் பெட்ரோலின் முக்கிய வேலை வெப்பத்தைத் தணிப்பது.

சரி, எங்கே தவறுகிறார்கள்? கணக்கைப் பம்ப்பிலிருந்து தொடங்குகிறார்கள். ‘நல்ல பெரிய பம்ப் ஒன்று போட்டுவிட்டேன், இனி கவலையில்லை’ என்ற பேச்சை எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கேட்கலாம். கணக்கு இன்ஜெக்டரின் நுனியில் தொடங்கிப் பின்னோக்கி டேங்க் வரை போக வேண்டும்.

இன்ஜெக்டர் கணக்கு

ஒரு குதிரைத்திறனைத் தர ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பவுண்டு பெட்ரோல் வேண்டும் என்பதுதான் அடிப்படை எண். சூப்பர்சார்ஜர் இல்லாத இன்ஜினுக்கு 0.45 முதல் 0.50 வரை போதும். சூப்பர்சார்ஜர் இருந்தால் 0.60 முதல் 0.65 வரை எடுக்க வேண்டும். கலவை செழிப்பாக ஓடுவது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைத்தான் பலர் மறக்கிறார்கள்: சூப்பர்சார்ஜரைச் சுழற்றுவதே கிராங்க் ஷாஃப்ட்தான். அதற்குச் செலவாகும் பவரும் பெட்ரோல் எரித்துக் கிடைத்ததே, ஆனால் பவரை அளக்கும் டைனோ கருவியின் எண்ணில் அது தெரியாது. பழைய 0.50-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் தொடக்கத்திலேயே சுமார் ஐந்தில் ஒரு பங்கு பெட்ரோல் குறைந்துவிடும்.

லைட்னிங்கையே எடுத்துக்கொள்வோம். 380 குதிரைத்திறனை 0.62-ஆல் பெருக்கினால் மணிக்குச் சுமார் 236 பவுண்டு. எட்டு இன்ஜெக்டர்களுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 29.5. இன்ஜெக்டரை 80 சதவீத டியூட்டி சைக்கிளுக்கு (ஒரு சுழற்சியில் அது திறந்திருக்கும் நேரத்தின் பங்கு) மேல் ஓட்டக் கூடாது என்பது நல்ல வழக்கம், அதனால் 0.8-ஆல் வகுத்தால் 37. ஃபோர்டு போட்டுக் கொடுத்தது மணிக்கு 42 பவுண்டு இன்ஜெக்டர். கம்பெனி விட்டுவைத்த இடைவெளி அவ்வளவுதான். சின்ன புல்லி மாட்டி 480 குதிரைத்திறனுக்குப் போனால் அதே கணக்கில் 46.5 வேண்டும். 42 பவுண்டு இன்ஜெக்டர் அப்போது 90 சதவீதத்தைத் தொட்டபடி ஓடும். அடர்த்தி கூடிய குளிர்ந்த காற்று அடிக்கும் ஓர் இரவில் மிச்சமிருக்கும் இடைவெளியும் தீர்ந்துபோகும்.

480 என்பது கிராங்கில் வேண்டிய எண் என்பதையும் கவனியுங்கள். டைனோவில் சக்கரத்தில் அளந்த எண்ணை அப்படியே இந்தக் கணக்கில் போடுவது அடிக்கடி நடக்கும் பிழை. கியர்பாக்ஸிலும் ஆக்சிலிலும் போகும் இழப்பு சுமார் 15 சதவீதம். சக்கரத்தில் 420 என்றால் கிராங்கில் கிட்டத்தட்ட 495.

இன்ஜெக்டரை மாற்றியதும் அதன் தரவுகளை, அதாவது வோல்டேஜுக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ப அது திறக்க எடுக்கும் நேரம் உட்பட எல்லாவற்றையும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவில் ஏற்ற வேண்டும். அந்தத் தரவைத் தராத இன்ஜெக்டர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

அழுத்தம்: பம்ப்பின் பெட்டியில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள்

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பெட்ரோலைப் பாய வைப்பது ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுவரும் குழாயில்) இருக்கும் அழுத்தத்துக்கும், இன்ஜெக்டரின் மறுமுனையில் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் பாதையில்) இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். ரெயிலில் 40 பிஎஸ்ஐ, மேனிஃபோல்டில் 12 பிஎஸ்ஐ பூஸ்ட் என்றால் இன்ஜெக்டருக்குக் கிடைப்பது 28 மட்டும். பாய்ச்சல் இந்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே பெட்ரோல் சுமார் 16 சதவீதம் குறைந்துவிடும், அதுவும் இன்ஜினுக்கு அதிகம் தேவைப்படும் நேரத்தில். இதைச் சரிக்கட்டத்தான் ரெயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்கு மேனிஃபோல்டிலிருந்து ஒரு வாக்குவம் ஹோஸ் போக வேண்டும். பூஸ்ட் ஒரு பிஎஸ்ஐ ஏறினால் ரெயில் அழுத்தமும் ஒரு பிஎஸ்ஐ ஏற வேண்டும். அந்தச் சின்ன ஹோஸை மாட்டாமல் விடுவதும், கிளிப் போடாமல் பூஸ்டில் கழன்றுபோக விடுவதும் சாதாரணமாக நடக்கிறது. ரெயிலில் சென்சார் வைத்து பம்ப்பின் வேகத்தை ஈசியூவே கட்டுப்படுத்தும் வண்டிகளிலும், மேனிஃபோல்ட் அழுத்தம் கணக்கில் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இதன் மறுபக்கம் பம்ப்பில் தெரியும். இப்போது பம்ப் 40-க்கு எதிராக அல்ல, 52 பிஎஸ்ஐக்கு எதிராகத் தள்ள வேண்டும். எந்த மின்பம்ப்பும் எதிரழுத்தம் ஏற ஏறக் குறைவாகத்தான் தரும். பெட்டியில் மணிக்கு 255 லிட்டர் என்று இருந்தால், அது எந்த அழுத்தத்தில், எந்த வோல்டேஜில் என்று கேளுங்கள். 500 குதிரைத்திறனுக்கு 0.62 கணக்கில் 310 பவுண்டு, ஏறக்குறைய மணிக்கு 190 லிட்டர். அதற்கு மேல் 20, 25 சதவீதம் சேர்த்தால் 235 லிட்டர். இந்த 235 லிட்டர் 52 பிஎஸ்ஐயில் கிடைக்க வேண்டும். பம்ப்பின் வளைகோட்டு வரைபடம் இல்லாமல் இதைத் தீர்மானிக்கவே முடியாது.

இன்ஜெக்டர் போதாதபோது அடிப்படை அழுத்தத்தை ஏற்றிச் சமாளிக்கும் வழக்கமும் உண்டு. 40-ஐ 50 ஆக்கினால் 42 பவுண்டு இன்ஜெக்டர் சுமார் 47 தரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பூஸ்டில் பம்ப் 62 பிஎஸ்ஐக்கு எதிராக ஓட வேண்டும், அங்கே அதன் கொள்ளளவு இறங்கிவிடும். சிறிய மாற்றத்துக்கு இது சரி. பெரிய பவருக்குப் பெரிய இன்ஜெக்டர்தான் நேர்வழி என்பது என் கருத்து.

வயர்

பம்ப் ஒரு மோட்டார். வோல்டேஜ் குறைந்தால் மெதுவாகத்தான் சுழலும். ஆல்டர்னேட்டரில் 14 வோல்ட் இருக்கும், பம்ப்பின் கனெக்டரில் அளந்தால் 12-ஐ ஒட்டி இருக்கும். பழைய மெல்லிய வயர், நடுவில் நாலைந்து கனெக்டர்கள், துருப்பிடித்த எர்த். புதுப் பம்ப் பழையதைவிடக் கூடுதல் கரண்ட் இழுப்பதால் இந்த இழப்பு இன்னும் மோசமாகும். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே, முழு அழுத்தத்தில், கனெக்டரிலேயே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாகத் தடித்த வயர் இழுப்பவர்கள் எர்த் பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். எர்த்துக்கும் அதே தடிமன் வேண்டும், சேஸிஸில் பெயின்ட் சுரண்டிய சுத்தமான இடமும் வேண்டும்.

பம்ப்புக்கு வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கும் பூஸ்டர் கருவிகள் லைட்னிங் வட்டாரத்தில் மிகவும் பிரபலம். அளவோடு பயன்படுத்தினால் நல்ல கருவிதான். ஆனால் அதை மாட்டுவதற்கு முன் வயரைச் சரிசெய்ய வேண்டும். கருவிக்குள் போகும் கரண்ட்டும் அதே பழைய வயர் வழியாகத்தான் வருகிறது. பம்ப்பை இயக்கும் டிரைவர் மாட்யூல் எவ்வளவு கரண்ட் தாங்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பெரிய பம்ப்புகளைப் பழைய மாட்யூலில் கோத்தால் முதலில் போவது மாட்யூல்.

டேங்க்கும் ஹோஸும்

இங்கே பெரிய கணக்கு எதுவும் இல்லை, கவனம்தான் வேண்டும். டேங்க்குக்குள் மூழ்கியிருக்கும் ஹோஸுக்குத் தனித் தரம் உண்டு: எஸ்ஏஇ 30ஆர்10. வெளியே போடும் 30ஆர்9 ஹோஸ் தரமானதுதான், ஆனால் அதன் வெளிப்புற ரப்பர் பெட்ரோலில் ஊறிக் கிடப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. நாளடைவில் உப்பி, பிளந்து, பம்ப் தள்ளும் பெட்ரோல் டேங்க்குக்குள்ளேயே கசியும். வெளியிலிருந்து பார்த்தால் பம்ப் பழுது மாதிரியே தெரியும். ஏஎன் ஃபிட்டிங்குகளில் (ஹோஸ்களை இணைக்கும் உலோக இணைப்புகளில்) டெஃப்லான் டேப் சுற்றவே கூடாது. அவை 37 டிகிரி சரிவில் உலோகத்தோடு உலோகம் பொருந்தி அடைபவை. கிழிந்த டேப் துணுக்கு நேராக இன்ஜெக்டருக்குத்தான் போகும். ஃபில்டரில் பம்ப்புக்கு முன்னால் 100 மைக்ரான், பின்னால் 10 மைக்ரான். இரண்டையும் மாற்றிப் போட்டால் பம்ப் உறிஞ்ச முடியாமல் தவிக்கும்.

எத்தனால் கலந்த எரிபொருளான இ85-க்குப் போக நினைப்பவர்கள் இன்ஜெக்டர், பம்ப் இரண்டிலும் 30 முதல் 35 சதவீதம் கூட்டிக்கொள்ள வேண்டும். அமெரிக்க பெட்ரோல் பங்குகளில் இ85 என்று விற்பதில் எத்தனால் 51 முதல் 83 சதவீதம் வரை எங்கும் இருக்கலாம் என்பதால் எத்தனால் சென்சார் இல்லாமல் டியூன் செய்வது ஆபத்து.

2014 மாடல் முதல் வந்த ஜெனரல் மோட்டார்ஸ் 5.3, 6.2 லிட்டர் டிரக்குகளில் கதை வேறு. அவை பெட்ரோலை எரியறைக்குள்ளேயே பீய்ச்சும் நேரடி இன்ஜெக்‌ஷன். எரியறைக்கு வெளியே பீய்ச்சும் சாதாரண போர்ட் இன்ஜெக்டருக்கு 6000 ஆர்பிஎம்மில் ஒரு சுழற்சிக்கு 20 மில்லிசெகண்ட் இருக்கிறது. நேரடி இன்ஜெக்டருக்கு அதில் கால்வாசிதான் உருப்படியாகக் கிடைக்கும். அதனால் டேங்க் பம்ப்பை மட்டும் பெரிதாக்கிப் பயனில்லை. கேம்ஷாஃப்ட் ஓட்டும் உயரழுத்தப் பம்ப்பும் இன்ஜெக்டரும் சேர்ந்து மாற வேண்டும். கார்வெட் இசட்06-இல் வந்த எல்டி4 இன்ஜினின் பாகங்களை இவற்றில் பலர் பொருத்துவது இதனால்தான்.

டிரக் என்பதை மறப்பது

கார்களுக்காக எழுதப்பட்ட ஆலோசனையை அப்படியே டிரக்கில் போடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. பந்தயத் தடத்தில் ஒரு கார் பூஸ்டில் இருப்பது பத்துப் பன்னிரண்டு நொடி. டிரெய்லரை இழுத்துக்கொண்டு மலைப்பாதையில் ஏறும் டிரக் நிமிடக்கணக்கில் பூஸ்டிலேயே இருக்கும். பம்ப் சூடாகும். ரிட்டர்ன் லைன் உள்ள அமைப்பில் இன்ஜின் பக்கம் சூடான பெட்ரோல் திரும்பத் திரும்ப டேங்க்குக்கு வரும். டேங்க் கால்வாசி இருக்கும்போது இந்தச் சூடு வேகமாக ஏறும், சூடான பெட்ரோல் பம்ப்பின் வாயிலேயே ஆவியாகத் தொடங்கும். மேட்டில் நீளமான டேங்க்கில் பெட்ரோல் பின்னால் ஒதுங்குவதும் சேர்ந்துகொள்ளும். பம்ப் உட்கார்ந்திருக்கும் வாளியை வெட்டி எறிந்துவிட்டுப் பெரிய பம்ப் பொருத்துபவர்களுக்கு இந்தச் சிக்கல் நிச்சயம். வாளியையும் அதை நிரப்பும் ஜெட் பம்ப்பையும் காப்பாற்றுங்கள். குறைந்த தேவையில் பம்ப்பின் வேகத்தைக் குறைக்கும் கன்ட்ரோலர் இருந்தால் சூடும் குறையும்.

இரண்டாவது பம்ப்பை பூஸ்ட் சுவிட்ச் மூலம் மட்டும் ஓட வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பம்ப் செத்துப்போனால் அன்றாட ஓட்டத்தில் தெரியவே தெரியாது, முழு பூஸ்டில்தான் தெரியும். ரெயில் அழுத்தம் இறங்கினால் ஈசியூ உடனே இன்ஜினை அடக்கும்படி ஒரு பாதுகாப்பு அவசியம்.

முடித்ததும் சோதனை. டேங்க் கால்வாசி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, டைனோவில் முழு த்ராட்டில் ஓட்டம். ரெயில் அழுத்தம், டியூட்டி சைக்கிள், வைட்பேண்ட் சென்சார் காட்டும் கலவை அளவு மூன்றையும் ஒரே லாகில் பதிவு செய்யுங்கள். ஆர்பிஎம் ஏறும்போது கலவை மெலிந்து, அழுத்தமும் கூடவே இறங்கினால் பம்ப், ஃபில்டர், வயர் பக்கம் பாருங்கள். அழுத்தம் அசையாமல் நிற்க, டியூட்டி 90-ஐத் தாண்டினால் இன்ஜெக்டர் போதவில்லை. அழுத்தமும் சரி, டியூட்டியும் சரி, ஆனாலும் மெலிகிறது என்றால் ஏர்ஃப்ளோ மீட்டர் தன் உச்சத்தைத் தொட்டு, அதற்கு மேல் போகும் காற்றை ஈசியூவுக்குச் சொல்லாமல் இருக்கலாம். புல்லி மாற்றிய லைட்னிங்குகளில் அதுவும் நடக்கும். மெலிவது தெரிந்த நொடியில் ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள்.