விலை கூடிய அக்கூஸ்டிக் கிட்டார் வாங்கலாமா? கடையிலேயே சோதித்து முடிவெடுக்கும் முறை

கடைச் சுவரில் 10,000 ரூபாய் கிட்டாரும் 20,000 ரூபாய் கிட்டாரும் அடுத்தடுத்துத் தொங்கும். நிறம் ஒன்று, வடிவம் ஒன்று, சில சமயம் கம்பெனியும் ஒன்றுதான். புதிதாகக் கற்க வருகிறவருக்கு அந்த இரண்டாவது பத்தாயிரம் எங்கே போகிறது என்றே புரியாது. "நல்லதா வாங்கிடுங்க, அப்புறம் மாத்த வேண்டாம்" என்பார் விற்பவர். "மூணு மாசத்துல பரணுக்குப் போயிடும், எதுக்கு வீண் செலவு" என்பார்கள் வீட்டில். இரண்டுமே கிட்டாரைப் பார்க்காமல் சொல்லும் பதில்கள். கையில் எடுத்து, அளந்து, காது கொடுத்துக் கேட்டு முடிவெடுக்க வழி இருக்கிறது. அதற்குப் பெரிதாக வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை.

கடைக்குப் போகும்போது மில்லிமீட்டர் குறி போட்ட ஒரு சின்ன ஸ்டீல் ஸ்கேல், ஒரு துண்டு மெல்லிய காகிதம், போனில் சுருதி பார்க்க ஒரு ட்யூனர் ஆப், இவை போதும். நாலு கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுவது) வாசிக்கத் தெரிந்த நண்பர் கூட வந்தால் ரொம்ப நல்லது.

முதல் படி: கூடுதல் பணம் எதற்குப் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கிட்டாரின் சத்தத்தில் பெரும்பங்கு மேல்பலகையுடையது. கம்பியின் அதிர்வு, மேல்பலகையில் கம்பிகள் மாட்டியிருக்கும் பிரிட்ஜ் வழியாக அந்தப் பலகைக்குப் போய், பலகை காற்றை அசைப்பதைத்தான் நாம் கேட்கிறோம். ஸ்பெயினின் கிட்டார் கைவினைஞர் அன்டோனியோ டி டோரஸ் இதை நிரூபிக்கவே 1862இல் ஒரு கிட்டார் செய்தார். முதுகும் பக்கமும் காகிதக் கூழ் அட்டை, மேல்பலகை மட்டும் நல்ல மரம். அந்தக் கிட்டார் இன்றும் பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆகவே விலைச்சீட்டில் முதலில் பார்க்க வேண்டியது மேல்பலகை சாலிடா, லேமினேட்டா என்பதைத்தான். சாலிட் என்றால் அடுக்கி ஒட்டாத முழு மரத்தகடு. லேமினேட் என்றால் மெல்லிய தகடுகளை அடுக்கி ஒட்டியது, அதாவது ப்ளைவுட். சாலிட் பலகை சுலபமாக அதிரும், மெதுவாகத் தொட்டாலும் பதில் சொல்லும். லேமினேட் அந்த அளவுக்கு அதிராது. ஆனால் உறுதியானது, வெயிலையும் ஈரத்தையும் சாலிட்டைவிட நன்றாகத் தாங்கும்.

முதுகு எந்த மரம் என்பதற்கு விளம்பரங்களில் பெரிய இடம் கொடுப்பார்கள். இங்கே நமக்கு ஒரு சொந்தமும் உண்டு. இந்தியன் ரோஸ்வுட் என்று உலகம் முழுக்க விற்கும் மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம்தான், தோதகத்தி என்றும் சொல்வோம். அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1969இல் பிரேசில் ரோஸ்வுட்டிலிருந்து இதற்கு மாறியது. அழகான மரம், நல்ல மரம். ஆனாலும் முதல் கிட்டாருக்கு இதற்காகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதுகும் பக்கமும் மட்டும் 6 விதமான மரங்களில், மற்றதெல்லாம் ஒரே மாதிரியாகச் செய்த 6 கிட்டார்களை 52 கிட்டார் வாசிப்பவர்களிடம் கொடுத்தார்கள். எது என்ன மரம் என்று கண்ணுக்குத் தெரியாதபடி ஏற்பாடு. 2018இல் வந்த முடிவு: விலை உயர்ந்த பிரேசில் ரோஸ்வுட் உட்பட எதற்கும் குறிப்பிடும்படியான கூடுதல் மதிப்பெண் கிடைக்கவில்லை.

ஓரத்தில் முத்துச்சிப்பி வேலைப்பாடு, பளபளப்பான பூச்சு, தோள்பட்டை வெட்டு, உள்ளே பிக்கப் (ஒலிபெருக்கியோடு இணைக்க உதவும் கருவி) என்று மற்றதெல்லாம் அழகுக்கும் வசதிக்கும் ஆனவை. மேடையில் வாசிக்கும் திட்டம் இல்லையென்றால் பிக்கப்புக்குக் காசு கொடுக்காதீர்கள். குறைந்த விலைக் கிட்டாரில் பிக்கப் சேர்ந்திருந்தால், அந்தக் காசு மரத்திலிருந்தோ கைவேலையிலிருந்தோதான் குறைக்கப்பட்டிருக்கும்.

இரண்டாம் படி: சாலிட் டாப் என்கிறார்களே, உண்மையா என்று பாருங்கள்

நடுவில் உள்ள வட்டத் துளையின் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். மேல்பலகையில் நேர்கோடுகளாக ஓடும் மர ரேகைகள் விளிம்பிலும் மடங்கித் தொடர்ந்தால் சாலிட். விளிம்பில் குறுக்கே இரண்டு மூன்று அடுக்குகள் தெரிந்தால் லேமினேட். விளிம்பில் கறுப்பு வண்ணம் அடித்திருந்தால் கண்ணால் சொல்ல முடியாது. அப்போது கம்பெனியின் தளத்தில் அந்த மாடல் எண்ணைப் போட்டுப் பாருங்கள். சாலிட் என்றால் அவர்களே அந்த வார்த்தையைப் போட்டிருப்பார்கள். வெறுமனே "ஸ்ப்ரூஸ் டாப்" என்று மர வகையின் பெயர் மட்டும் இருந்தால் லேமினேட் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் பலர் நேருக்கு நேர் சந்திக்கும் ஜோடி யமஹா எஃப்310, யமஹா எஃப்ஜி800. முன்னதில் லேமினேட் ஸ்ப்ரூஸ், பின்னதில் சாலிட் ஸ்ப்ரூஸ். விலை கிட்டத்தட்ட இரு மடங்கு. கம்பி நீளத்திலும் வித்தியாசம் இருக்கிறது: எஃப்310இல் 634 மி.மீ., எஃப்ஜி800இல் 650 மி.மீ. நீளம் குறைந்தால் அதே சுருதியில் கம்பியின் இழுப்பு கொஞ்சம் குறையும், நெக்கில், அதாவது கிட்டாரின் கழுத்தில், குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளும் ஒரு நூல் நெருங்கி இருக்கும். சின்னக் கைகளுக்கு விலை குறைந்ததே கொஞ்சம் வசதி என்று சொல்லலாம். கடையில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

மூன்றாம் படி: ஆக்‌ஷனை அளங்கள்

இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். புதிதாகக் கற்பவர்கள் கிட்டாரை விட்டுவிடுவதற்கு ஒரு பெரிய காரணம் விரல் வலி. அந்த வலிக்குப் பல நேரம் கிட்டாரின் குறையும் காரணம். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள உயரத்தைத்தான் ஆக்‌ஷன் என்கிறோம். உயரம் கூடினால் அழுத்தமும் கூடும், சுருதியும் பிசகும்.

கிட்டாரைச் சுருதி சேர்த்துவிட்டு, வாசிக்கிற நிலையில் மடியில் வையுங்கள். 12ஆவது ஃப்ரெட்டின் உலோகக் கம்பி மேல் ஸ்கேலை நிறுத்தி, தடித்த ஆறாவது கம்பியின் அடிப்பக்கம் எங்கே வருகிறது என்று பாருங்கள். 2.5 மி.மீ. அருகில் இருந்தால் நல்லது. மெல்லிய முதல் கம்பிக்கு 2 மி.மீ. போதும். 3 மி.மீ. தாண்டினால் விரல் கஷ்டப்படும். விலை கூடியதிலும் இப்படி வரலாம், அதனால் விலையைப் பார்த்து நம்பிவிடாமல் ஒவ்வொன்றையும் அளங்கள்.

அடுத்து தலைப்பக்கம். கம்பிகள் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன வெள்ளைத் துண்டுக்கு நட் என்று பெயர். ஒரு கம்பியை 2ஆவது, 3ஆவது ஃப்ரெட்டுக்கு நடுவில் அழுத்திக்கொண்டு, 1ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் இடைவெளியைப் பாருங்கள். நூல் இழை அளவுக்கு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருந்தால் சரி. தாராளமாக இடைவெளி தெரிந்தால் நட்டின் பள்ளங்கள் போதிய ஆழம் இல்லை. எஃப் கார்டு வரவே மாட்டேன் என்கிறது என்று புலம்புகிறவர்களின் கிட்டாரில் பெரும்பாலும் இந்தக் கோளாறு இருக்கும்.

இந்த இரண்டையும் சரிசெய்யலாம் என்பதுதான் சந்தோஷமான செய்தி. பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சேடிலை வெளியே எடுத்து அடிப்பக்கத்தைத் தேய்த்தால் ஆக்‌ஷன் இறங்கும். 12ஆவது ஃப்ரெட் கம்பியின் சரிபாதியில் இருப்பதால் கணக்கு எளிது. அங்கே அரை மி.மீ. இறங்க வேண்டுமென்றால் சேடிலில் 1 மி.மீ. தேய்க்க வேண்டும். நட்டின் பள்ளத்தை அதற்கென உள்ள அரத்தால் ஆழப்படுத்துவார்கள். நெக்கின் வளைவை உள்ளே ஓடும் ட்ரஸ் ராட் என்ற உலோகக் கம்பியைத் திருப்பிச் சரிசெய்வார்கள். இவை மூன்றும் சேர்ந்ததுதான் செட்டப். வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்தால் ஒரே நாளில் முடிந்துவிடும். நீங்களாக முதல் கிட்டாரில் கை வைக்காதீர்கள். தேய்த்த நட்டும் சேடிலும் திரும்ப வளராது.

நான்காம் படி: எளிதில் சரிசெய்ய முடியாத குறைகளைத் தேடுங்கள்

ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒருமுறை மீட்டுங்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கரகரத்தால் பக்கத்து ஃப்ரெட் எழும்பி நிற்கிறது. நெக்கின் இரு ஓரங்களிலும் உள்ளங்கையை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், ஃப்ரெட்டின் நுனி குத்தக் கூடாது. பிரிட்ஜின் பின் விளிம்பில் காகிதத் துண்டைச் செருகப் பாருங்கள். உள்ளே நுழைந்தால் ஒட்டு விடத் தொடங்கியிருக்கிறது, அந்தக் கிட்டார் வேண்டாம்.

சுருதிச் சோதனைக்கு ட்யூனர் ஆப்பைத் திறந்து, 12ஆவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டபடி மீட்டி, மணி போல ஒலிக்கும் ஒரு ஹார்மானிக் எழுப்புங்கள். பிறகு அதே ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். முள் கொஞ்சம் நகர்ந்தால் பரவாயில்லை, அதிகம் நகர்ந்தால் அந்தக் கிட்டாரில் மேல் ஃப்ரெட் கார்டுகள் அபசுரமாகவே கேட்கும். காது இன்னும் பழகாத ஒருவருக்கு இதைவிடக் கெட்ட துணை வேறில்லை. தப்பு தன் கையில் என்று நினைத்துக்கொண்டே இருப்பார்.

ஐந்தாம் படி: முதுகைக் காட்டி நின்று கேளுங்கள்

இரண்டு கிட்டாரிலும் ஒரே மாதிரிக் கம்பி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாதக்கணக்கில் சுவரில் தொங்கிக் கறுத்த கம்பி எந்த மரத்தையும் மந்தமாகக் காட்டும். அடுத்து நண்பரிடமோ கடைக்காரரிடமோ இரண்டையும் கொடுத்துவிட்டுத் திரும்பி நில்லுங்கள். எது என்று சொல்லாமல் ஒரே ஜி கார்டை, ஒரே வேகத்தில், மாற்றி மாற்றி வாசிக்கச் சொல்லுங்கள். மெதுவாக மீட்டும்போது எது தெளிவாக இருக்கிறது, எது சீக்கிரம் அடங்கிப் போகிறது என்று மட்டும் கவனியுங்கள். பலமாக அடிக்கும்போது எல்லாக் கிட்டாரும் நன்றாகத்தான் கேட்கும். வித்தியாசம் தெரிவது மெல்லிய மீட்டலில்.

பல முறை மாற்றியும் ஒரே கிட்டாரையே நீங்கள் கை காட்டினால் உங்கள் காது வித்தியாசத்தைக் கேட்கிறது என்று பொருள். அப்போது கூடுதல் பணத்துக்கு நியாயம் இருக்கிறது. மாறி மாறிச் சொல்கிறீர்கள் என்றால், இன்றைய நிலையில் அந்த வித்தியாசம் உங்களுக்கு இல்லை. அதில் குறைவாக நினைக்க எதுவும் இல்லை, காது பழகப் பழகத் திறக்கும்.

ஆறாம் படி: கணக்குப் போடுங்கள்

குறைந்த விலைக் கிட்டாரின் விலையோடு செட்டப் கூலி, ஒரு செட் நல்ல கம்பி, திண்டு வைத்த பை, க்ளிப் ட்யூனர் எல்லாவற்றையும் கூட்டுங்கள். விலை கூடியதற்கும் அதே கணக்கு. ஒப்பிட வேண்டியது இந்த இரண்டு மொத்தங்களைத்தான். கம்பி வாங்கும்போது 12க்குப் பதிலாக 11 அல்லது 10இல் தொடங்கும் செட் கேளுங்கள் (முதல் கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண் இது, எண் குறைந்தால் கம்பி மெல்லியது). சத்தம் கொஞ்சம் குறையும், விரலுக்கு நிம்மதி.

என் கருத்தைக் கேட்டால், மூன்று இடங்களில்தான் விலை ஏற்றத்துக்குப் பொருள் இருக்கிறது. அடிமட்ட விலையிலிருந்து ஒரு நம்பகமான கம்பெனியின் தொடக்க மாடலுக்குப் போவது முதல் ஏற்றம். இதை எல்லாரும் செய்ய வேண்டும், ஏனென்றால் நான்காம் படியில் சொன்ன குறைகள் மிகுதியாக இருப்பது அந்த அடிமட்டத்தில்தான். லேமினேட்டிலிருந்து சாலிட் டாப்புக்குப் போவது இரண்டாவது. ஒரு வருடமாவது விடாமல் கற்கப் போகிறோம் என்ற உறுதியும், ஐந்தாம் படியில் காது சொன்ன பதிலும் இருந்தால் இது கொடுக்கத் தகுந்த காசு. முதுகும் பக்கமும் உட்பட எல்லாமே முழு மரம் என்ற இடத்துக்குப் போவது மூன்றாவது. அது தொடக்கக்காரருக்கு இப்போதைக்குத் தேவையில்லை. அதற்கு மேலே விலை ஏறுகிற வேகத்தில் சத்தம் ஏறுவதில்லை.

பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்குகிறீர்களா? மேலே சொன்னதையெல்லாம் விட அளவு முக்கியம். பிள்ளையின் வலது கை உடலைச் சுற்றி வந்து கம்பியைத் தோள் தூக்காமல் தொட வேண்டும். அதற்குப் பொருந்தும் சின்ன லேமினேட் கிட்டாரை வாங்கி, மிச்சக் காசை வகுப்புக்குக் கட்டுங்கள்.

ஏழாம் படி: அதை வைத்திருக்கப் போகும் வீட்டை யோசியுங்கள்

மரத்துக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் காற்று பெரும்பாலும் அதைவிட ஈரமாகவே இருக்கும். மழை மாதங்களில் கேட்கவே வேண்டாம். ஈரத்தை உறிஞ்சினால் மேல்பலகை உப்பும், பிரிட்ஜ் உயரும், கூடவே ஆக்‌ஷனும் உயரும். இரவு முழுக்க ஏசி ஓடும் அறையில் நேர்மாறு. காற்று உலர்ந்து, மரம் சுருங்கி, ஃப்ரெட்டின் நுனிகள் வெளியே நீட்டத் தொடங்கும். சாலிட் பலகைக்கு இந்தப் பாதிப்பு கூடுதல். கிட்டாரைப் பையில் போட்டு, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, வெளிச்சுவரில் சாய்க்காமல் வைக்க முடியும் என்றால் சாலிட் டாப் வாங்குங்கள். கூடத்தில் ஜன்னலோரம்தான் கிடக்கும், வெயிலில் நிற்கும் காரிலும் போகும் என்றால் லேமினேட்டே உங்களுக்கு நல்லது.

முடிவெடுத்த பிறகு, நீங்கள் சோதித்த அதே கிட்டாரைக் கட்டித் தரச் சொல்லுங்கள். "உள்ளே புதுசு இருக்கு, பெட்டி பிரிக்காதது" என்று வேறொன்றை நீட்டினால், அதையும் பிரித்து மூன்றாம் படியிலிருந்து பாருங்கள். ஒரே மாடலிலும் ஒன்றுக்கொன்று ஆக்‌ஷன் மாறும். முதல் செட்டப்பை விலையோடு சேர்த்துச் செய்து தருவார்களா, ஒரு மாதம் கழித்து ஆக்‌ஷன் மாறினால் திரும்பப் பார்த்துத் தருவார்களா என்பதைப் பில் போடும் முன்பே கேட்டு, சரி என்றால் அதைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.