மலை ஊர்ல சமுதாயக்கூடத்துக்கு இன்டீரியர் பண்றீங்களா? இந்தத் தப்பையெல்லாம் தவிர்த்துடுங்க

நீலகிரியில இப்ப ஊருக்கு ஊர் ஒரு சமுதாயக்கூடமோ நூலகமோ மகளிர் குழு கட்டடமோ இருக்கு. திறப்பு விழா போட்டோவுல பளபளன்னு இருக்கும், அடுத்த ஜூலை மழையில போய்ப் பார்த்தா பூட்டிக் கிடக்கும், உள்ள ஓத வாடை அடிக்கும், ஊர் மொத்தமும் டீக்கடை பெஞ்ச்லதான் உக்காந்திருக்கும். "நம்ம சனத்துக்கு நல்லது செஞ்சா வராதுப்பா"ன்னு கமிட்டி ஆளுங்க புலம்புவாங்க. சனம் பேர்ல ஒரு தப்பும் இல்ல. கோயம்புத்தூர்ல பார்த்த மண்டபத்தை அப்படியே கொண்டுவந்து மேல வெச்சா அதுக்குள்ள குளிருது, எதிரொலிக்குது, யாருக்கு உக்காரத் தோணும்?

மொதல்ல வெயில். கீழ்நாட்டுல வெயிலை மறைக்கறதுதான் வேலை, மலையில அதைப் பிடிக்கறதுதான் வேலை. ஊட்டி கடல் மட்டத்துல இருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்துல இருக்கு, டிசம்பர் ஜனவரியில ராத்திரி பூஜ்யத்துக்குப் பக்கமா இறங்கி புல்லு மேல உறைபனி வெள்ளையா நிக்கும். அந்த மாசங்கள்ல சூரியன் தெற்குப் பக்கமா சாஞ்சுதான் போகும். ஆனா நாம பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கறதால ரொம்பவும் சாயாது, மதியம் 55 டிகிரி உயரத்துல நிக்கும். அதனால 7 அடி உயரத்துல முடியற தெற்கு ஜன்னல்னா மதிய வெயில் உள்ள சுமார் 5 அடிதான் வரும் (வெளிய சன்ஷேடு நீட்டி வெச்சிருந்தா அதுவும் குறையும்). காலை வெயில் தென்கிழக்குல இருந்து தாழ்வா வரும், அது இன்னும் ஆழமா வரும். ஆகக்கூடி அந்த 5 அடி பட்டைதான் அந்த ரூம்லயே விலை உயர்ந்த இடம். அங்க என்ன வெச்சிருப்பாங்கன்னு நினைக்கிறீங்க? ஸ்டீல் பீரோ, இல்லேன்னா மேடை, இல்லேன்னா மடிச்ச சேர் அடுக்கு. பெரியவங்க எல்லாம் வடக்குச் சுவரோரம் சால்வையைப் போர்த்திட்டு நடுங்கிட்டு இருப்பாங்க. பீரோவை வடக்குக்குத் தள்ளிட்டு அந்த ஜன்னலுக்குக் கீழ முதுகு சாய்ஞ்சுக்கற மாதிரி ஒரு மரத்திண்ணை போட்டுடுங்க, வேற ஒண்ணுமே செய்யாட்டியும் ஆள் வந்து உக்காரும்.

இதோட ஒட்டுன இன்னொரு தப்பு, "வியூ" வேணும்னு பள்ளத்தாக்குப் பக்கம் தரையில இருந்து கூரை வரைக்கும் கண்ணாடி போடறது. டூரிஸ்ட் காட்டேஜுக்கு அது சரி, அவங்க ரெண்டு நாள்ல போயிடுவாங்க. ஊர்க்காரங்க அந்த மலையைப் பொறந்ததுல இருந்து பாக்கறாங்க, அவங்களுக்கு வேண்டியது கதகதப்பு. ஒத்தைக் கண்ணாடி வழியா, அதே அளவு ஒம்பது இஞ்ச் செங்கல் சுவர்ல போறதைவிட ரெண்டு மூணு மடங்கு சூடு வெளிய போயிடும், அதுக்கு மேல ராத்திரி உள்ள இருக்கறவங்க மூச்சுக்காத்து கண்ணாடியில படிஞ்சு தண்ணியா வடிஞ்சு கீழ இருக்கற மரச்சட்டத்தை ஊற வைக்கும். ஏற்கெனவே போட்டாச்சுன்னா தடிமனான திரை, தரையைத் தொடற மாதிரி, சாயங்காலம் ஆனதும் இழுத்து மூடற பழக்கம்.

குளிரைப் பத்திப் பேசறப்ப ஒண்ணை அழுத்திச் சொல்லிடறேன். மூடின ரூமுக்குள்ள கரி அடுப்பு, தகரத்துல நெருப்பு, பார்பிக்யூ எதையும் வைக்காதீங்க. கரிப்புகையில வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது, தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், அப்படியே போயிடுவாங்க. ஊட்டி கொடைக்கானல் பக்கம் இப்படிச் செத்த செய்தி குளிர்காலத்துல நாம படிக்காம இல்ல. கணப்பு வேணும்னா புகைபோக்கி ஒழுங்கா வேலை செய்யணும், அழகுக்குன்னு கட்டி மேல அடைச்சு வெச்ச கணப்பு இருந்தா அதுல பூத்தொட்டி வெச்சுடுங்க, இல்லேன்னா யாராவது ஒரு நாள் பத்த வெச்சுடுவாங்க.

அடுத்தது ஓதம். இதுலதான் பணம் அதிகமா கரையும். நம்ம பக்கம் பெரும்பாலான கட்டடம் சரிவை வெட்டி முட்டு கொடுத்து நிக்கறது, ஒரு சுவர் மண்ணை ஒட்டியே இருக்கும். கூடலூர் தேவாலா பக்கம் தென்மேற்கு மழை, குன்னூர் கோத்தகிரி பக்கம் வடகிழக்கு மழை, ரெண்டுல எதுன்னாலும் அந்தச் சுவர் வழியா தண்ணி உள்ளுக்கு வரும். ஆளுங்க என்ன பண்றாங்கன்னா, உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் ரெண்டு கோட் அடிச்சு மறைக்கறாங்க, இல்லேன்னா வால்பேப்பர் ஒட்டறாங்க. தண்ணி சுவருக்குள்ளயே நின்னு ஆறு மாசத்துல பெயின்டைக் கொப்புளமா தள்ளும், வால்பேப்பருக்குப் பின்னாடி கருப்பா பூஞ்சை படரும், ஆஸ்துமா இருக்கற குழந்தையை அதுக்குள்ள உக்கார வெச்சா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. வேலை வெளிப்பக்கம்தான் இருக்கு, சுவருக்குப் பின்னாடி காவா வெட்டி தண்ணியை வேற பக்கம் திருப்பறது. போட்டோவுல தெரியாத வேலைங்கறதால ஸ்பான்சர் யாரும் இதுக்குக் காசு தரமாட்டாங்க, தெரியும், ஆனாலும் இதை முடிக்காம உள்ள ஆணி அடிக்கவே கூடாது.

உள்ள சாமான் விஷயத்துல, எம்.டி.எஃப், பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்யற பலகைங்க) ரெண்டும் மலைக்கு ஆகாது. ஒரு மழைக்காலம் போதும், ஓரமெல்லாம் ஊதி ஸ்க்ரூ பிடிப்பு விட்டுப் போய் கதவு தொங்கும். பிளைவுட்னா கடைக்காரர் "வாட்டர்ப்ரூஃப்தான் சார்"னு சொல்றதை நம்பாம ஐ.எஸ். 710னு (தண்ணி தாங்கற மரைன் பிளைவுட்டுக்கான தரம்) முத்திரை இருக்கான்னு பலகையிலயே பாருங்க, 303 வேற தரம். பட்ஜெட் இல்லேன்னா சில்வர் ஓக் பலகை, இல்லேன்னா உண்ணிச்செடிக் குச்சியில செய்யற நாற்காலி, ஷெல்ஃப் (முதுமலைக் காட்டை மூடிட்டிருக்கற அந்தச் செடியை வெட்டி நம்ம பழங்குடி ஆளுங்க அருமையா ஃபர்னிச்சர் செய்றாங்க). எந்த அலமாரியையும் மண்ணொட்டுன சுவர்ல ஒட்டி வைக்காதீங்க, மூணு இஞ்சாவது காத்து போக இடம் விடுங்க, கால் வெச்சுத் தரையில இருந்து தூக்குங்க. புத்தகம் வைக்கற ரூம்னா இது ரொம்ப முக்கியம். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கும் அப்படித்தான், மேல தகர ஷீட் இருந்தா ராத்திரி அதோட அடிப்பக்கம் பனி வேர்த்துச் சொட்டும், சீலிங்ல பழுப்பு வட்டம் வட்டமா வரும்.

சத்தம். இதை யாரும் கணக்குலயே எடுக்கறதில்ல, எனக்கு இதுதான் பெரிய குறையா தெரியுது. 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம்னு ஒரு ஹால் வெச்சுக்குங்க, தரை டைல்ஸ், சுவர் பூச்சு, மேல கான்கிரீட். ஒலியை உறிஞ்சற பொருள் ஒண்ணுமே இல்லாததால ஒரு தடவை கைதட்டினா அது அடங்க கிட்டத்தட்ட 6 செகண்ட் ஆகும்னு கணக்கு வரும். பேச்சு தெளிவா கேக்கணும்னா ஒரு செகண்டுக்குப் பக்கத்துல இருக்கணும். கல்யாணத்துக்கு நிறைய சனம் வந்தா உடம்பும் துணியும் உறிஞ்சிடும், ஓரளவு சரியாயிடும், ஆனா மாசக்கூட்டத்துக்கு 15 பேர் வர்றப்ப ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்குப் புரியாது, உடனே மைக் போடுவாங்க, இன்னும் மோசமாகும், காது மந்தமான பாட்டிங்க ரெண்டு கூட்டத்துக்கு அப்புறம் வர்றதையே நிறுத்திடுவாங்க. கோரைப்பாய், ஜமக்காளம், கம்பளம், திறந்த புத்தக ஷெல்ஃப், ஒரு சுவர் முழுக்க தடிமனான துணி, இதெல்லாம் செலவு கம்மி. மழை தகரத்து மேல விழற சத்தம் தனி விஷயம், அதுக்கு ஷீட்டுக்குக் கீழ பலகையோ இன்சுலேஷனோ போட்டே ஆகணும்.

வாசல்ல இன்னொரு கூத்து. நம்ம ஆளுங்க செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள வருவாங்க, மழைக்காலத்துல கம்பூட்ஸ், குடை, நனைஞ்ச ஸ்வெட்டர், தோட்டத்துல இருந்து நேரா வர்ற அக்காங்க கையில பை வேற. இதுக்கெல்லாம் இடமே இல்லாம நேரா ஹாலுக்குள்ள கதவு திறக்கும், உள்ள பளபளன்னு விட்ரிஃபைட் டைல்ஸ், வெறுங்கால்ல வெச்சா ஐஸ் மாதிரி இருக்கும், ஈரம் பட்டா வழுக்கும். வாசலுக்கும் ஹாலுக்கும் நடுவுல ரெண்டாவது கதவோட ஒரு சின்ன முன்னறை விடுங்க, மாட்ட ஆணி, குடைக்கு வாளி, உக்காந்து பூட்ஸ் கழட்ட ஒரு பெஞ்ச். காத்தும் அதோட நின்னுடும்.

சமையல்கட்டைப் பின்னாடி தனிக் கட்டடமா ஒதுக்கறாங்க. டீ போடற இடம் ஹாலைப் பார்த்து ஒரு ஜன்னலோட இருந்தா, போடறவங்களும் பேச்சுல இருப்பாங்க, இல்லேன்னா பொம்பளைங்க பாதிக் கூட்டம் முடியற வரைக்கும் சமையல்கட்டுக்குள்ளயே நின்னுட்டிருப்பாங்க. ஆனா எண்ணெய், வெல்லம் இதையெல்லாம் ராத்திரி அங்க விட்டுட்டுப் போகாதீங்க. குன்னூர் கோத்தகிரி பக்கம் எண்ணெய் வாசனைக்குக் கரடி கோயில் கதவையே உடைக்குது, உங்க பிளைவுட் கதவு எந்த மூலைக்கு.

கலாச்சாரம்கற பேர்ல நடக்கற தப்பு வேற ரகம். தோடர் எம்ப்ராய்டரி டிசைனை ஃப்ளெக்ஸ்ல பிரின்ட் பண்ணி சுவர் முழுக்க ஒட்டறது. வெள்ளைத் துணியில செவப்பு கருப்பு நூலால, வரைஞ்சு வெச்சுக்காம இழையை எண்ணி எண்ணிப் போடற வேலை அது, 2013ல புவிசார் குறியீடும் கிடைச்சிருக்கு. வேணும்னா அவங்ககிட்ட கேட்டு ஒரே ஒரு துணியைக் காசு குடுத்து வாங்கி மாட்டுங்க, கூடவே எதிரொலியும் கொஞ்சம் குறையும். அதுக்கு மேல, ஊர்ல யார் யார் இருக்காங்கன்னு பாருங்க. படகர் ஹட்டி (அவங்க கிராமம்) ஒரு பக்கம், 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையில இருந்து வந்த தோட்டக் குடும்பங்க ஒரு பக்கம், இருளர், குரும்பர், மலையாளம் கன்னடம் பேசறவங்கன்னு எல்லாரும் அதே ஹாலுக்குத்தான் வரணும். ஒரே சமூகத்தோட சாமி படத்தை நடுச்சுவர்ல பதிச்சு வெச்சா மத்தவங்க வாடகைக்கு மட்டும்தான் வருவாங்க. படகர் ஆட்டமும் பணியர் ஆட்டமும் வட்டமா சுத்தி ஆடறது, நடுவுல இடம் காலியா இருக்கணும், தரையோட போல்ட் போட்ட சேரும் நாலடி உயர மேடையும் இருந்தா எங்க ஆடறது? மேடையைக் கழட்டி மாட்டற மாதிரி வெச்சுக்குங்க.

சின்னச் சின்னதா இன்னும் ரெண்டு மூணு: 6500 கெல்வின் (வெளிச்சத்தோட நிறத்துக்கான அளவு) வெள்ளை டியூப் லைட் மூடுபனி சாயங்காலத்துல இன்னும் குளிரக் காட்டும், 3000 பக்கமா, மஞ்சள் வெளிச்சமா வாங்குங்க. டாய்லெட்டுக்குப் போக ஹாலை விட்டு வெளிய மழையில படி இறங்கற மாதிரி வைக்காதீங்க. படிக்கு ரெண்டு பக்கமும் கைப்பிடி, ஒரு பக்கம் போதாது, பக்கவாதம் வந்தவங்களுக்கு எந்தக் கை வேலை செய்யும்னு நமக்குத் தெரியாது.

கடைசியா சாவி. பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒரே சாவி, மனு குடுத்து வாங்கணும்னு வெச்சா மேல சொன்ன எல்லாச் செலவும் வீண். பக்கத்து வீட்டு அக்காகிட்ட ஒண்ணு, எதிர் கடையில ஒண்ணு. தினம் காலையில யாராவது ஜன்னலைத் திறந்து விட்டாத்தான் ஓதமும் போகும்.